அஞ்சுரோட்டு முக்கில் இறங்காதவன்

பெயர் மகாராஜா. வேலை, கல்லூரி ஆபீஸில் அட்டெண்டர். பெயருக்கும் வேலைக்கும் உள்ள தூரத்தை வைத்து ஊரில் எல்லாரும் ஒரு தடவையாவது கேலி செய்து முடித்துவிட்டார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்து முடித்துவிட்டான். ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவன் நிஜமாகவே மகாராஜாதான். காலை ஒன்பதே காலுக்கு அஞ்சுரோட்டு முக்குக்கு அவன் சைக்கிள் வருகிற தோரணையைப் பார்க்க வேண்டும். தேய்த்த சட்டை, நிமிர்ந்த முதுகு. கூட வருகிற நாற்பது ஐம்பது சைக்கிள்காரர்களும் பால் பூத்துக்கு முன்னால் இறங்கி, ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவன் மட்டும் இறங்கமாட்டான்.

அந்த முக்கு லேசுப்பட்ட முக்கு இல்லை. திருநெல்வேலியில் இருபது வருஷம் பஸ் ஓட்டியவர்களுக்கே அங்கே வந்ததும் குலதெய்வம் ஞாபகத்துக்கு வரும். ஐந்து சாலைகள் கூடுகின்றன. அதில் ஒன்று ஆற்றுப் பாலத்திலிருந்து சரிவாக இறங்குகிறது. அந்தச் சரிவில் வருகிற பஸ்கள் பிரேக் பிடிப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவை. அதிலும் தனியார் பஸ்கள் ஜோடியாகத்தான் வரும். முன்னால் போகிற பஸ் அடுத்த நிறுத்தத்தில் ஆளை அள்ளிக்கொண்டு போய்விடக்கூடாது என்று பின்னால் ஒன்று விரட்டிக்கொண்டே வரும். முதல் பஸ் போய்விட்டது, சாலை காலி என்று நம்பி சைக்கிளை விடுகிறவன்தான் இரண்டாவது பஸ்ஸில் மாட்டுவான். அந்த முக்கில் கை கால் முறிந்தவர்கள் அத்தனை பேரும் அப்படி மாட்டியவர்கள்தான்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பாக்கியசீலன். மூன்று வருஷமாக அந்த முக்கில் குடைக்குக் கீழே நிற்கிற போலீஸ்காரர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடிப் பழகிய குரல் என்பதால் விசில் இல்லாமலே ஐந்து சாலைக்கும் கேட்கும்.

"பால் பூத்துக்கிட்ட எறங்கிருங்க. மொத பஸ் போவட்டும். அதப் பாத்துக் கெளம்பிராதீய, பின்னால ஒருத்தன் வாரான். அவனும் போவட்டும். அப்புறம் என் கையப் பாருங்க. கை எறங்குன பொறவு தள்ளிக்கிட்டு நடங்க. ஓடாதீய, பைய நடங்க."

எல்லாரும் கேட்டார்கள். மேலப்பாளையத்திலிருந்து பீடிக்கட்டைக் காரியரில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் கேட்டார்கள், பத்தமடைப் பாயை நெடுக்குவசமாகக் கட்டிக்கொண்டு வருகிற வியாபாரி கேட்டார், கோட்டு போட்ட வக்கீல் குமாஸ்தா கேட்டார். மகாராஜாவுக்குத் தனி வழி. அவன் முதல் பஸ்ஸின் வாலை ஒட்டிக்கொண்டே உள்ளே நுழைவான். இரண்டாவது பஸ் வந்து சேருவதற்குள் நாலே மிதியில் அந்தப் பக்கம் போய்விடுவான். கணக்கு ஒரு நொடி பிசகினால் ஆள் இல்லை.

"வே மகாராஜா, எறங்கும்வே! எறங்குனா உம்ம கிரீடம் கீழ விழுந்திருமாவே?"

"ஆமா அண்ணாச்சி, விழுந்திரும்" என்று சிரித்துக்கொண்டே போவான்.

பாக்கியசீலன் அதை விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தார். அது விளையாட்டு இல்லை.

மகாராஜா பிறந்தது சீவலப்பேரி தாண்டி, ஆற்றை ஒட்டி உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் மேலத்தெரு ஒன்று, கீழத்தெரு ஒன்று. கீழத்தெருக்காரர்கள் வெளியே போக வேண்டுமென்றால் மேலத்தெரு வழியாகத்தான் போகவேண்டும். சைக்கிளில் வந்தால் தெருத் தொடக்கத்திலேயே இறங்கி, கடைசி வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அப்புறம்தான் ஏற வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த சட்டத்தையே மீறுகிற ஊரில், எழுதாத இதை மட்டும் எவனும் மீறியதில்லை. கீழத்தெருவில் முதன்முதலாக சைக்கிள் வாங்கியவர் மகாராஜாவின் அப்பா சங்கிலிபூதத்தான். காய்ச்சலில் தலை தூக்க முடியாத பிள்ளையைக் காரியரில் துண்டால் கட்டி வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்திலும், அவர் அந்தத் தெருவில் இறங்கித் தள்ளினார். நாற்பது வீடு. காய்ச்சல் கண்ணோடு மகாராஜா பார்த்தது அப்பாவின் குனிந்த முதுகைத்தான்.

பத்தொன்பது வயதில் ஊரை விட்டு வந்து, முதல் சைக்கிள் வாங்கிய அன்றைக்கே அவன் தனக்குள் ஒரு சத்தியம் செய்துகொண்டான். எந்த மனிதனுக்காகவும், எந்தத் தெருவிலும் இனி சைக்கிளை விட்டு இறங்குவதில்லை. நல்ல சத்தியம்தான். ஆனால் அதைப் போய் அஞ்சுரோட்டு முக்கில் பாலத்து பஸ்ஸிடம் காட்டிக்கொண்டிருந்தான் பாருங்கள், அங்கேதான் புத்தி தடுமாறியது. பஸ்ஸுக்கு மேலத்தெருவும் தெரியாது, கீழத்தெருவும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பதினெட்டு வருஷத்தில் அவன் ஊருக்கு ஒரு தடவைகூட சைக்கிளில் போனதில்லை. அப்பா செத்ததற்கும் சரி, தங்கச்சி கல்யாணத்துக்கும் சரி, டவுன் பஸ்ஸில் போய் மெயின் ரோட்டில் இறங்கி நடந்துதான் போனான். நடக்கிறவனை யாரும் இறங்கச் சொல்ல முடியாதே. ஆகவே சத்தியம் உடையவும் இல்லை, அதற்குப் பரீட்சையும் வரவில்லை.

அவன் மகள் முத்துராணி ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோது பள்ளிக்கூடம் முக்குக்கு அந்தப் பக்கம் மாறியது. மேலப்பாளையத்தில் நூகு என்பவரின் சைக்கிள் கடையில் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி, பெயிண்ட் அடித்துக் கொடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிப்போய், முக்கைக் கடக்கத் தன்னுடைய பாடத்தை நடத்தினான்.

"மொத பஸ்ஸு வாலப் பிடிச்சிக்கோ. யோசிக்காத. யோசிச்சா மிதி தடுமாறும்."

"எல்லாரும் எறங்கித் தள்ளுதாங்களேப்பா?"

"எவன் வேணா எறங்கட்டும். நாம எறங்கக்கூடாது."

"ஏம்ப்பா?"

"எறங்குனா எறங்கியே பழகிரும்ட்டி."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினாள். ஊருக்கு வந்து போயிருந்தாலும் அந்தத் தெருக்களின் வழக்கம் அவளுக்குத் தெரியாது. தெரியவே கூடாது என்று அவன்தான் அவளிடம் எதையும் சொல்லாமல் வளர்த்திருந்தான்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம். கல்லூரித் தபாலைப் பதிவு செய்ய மகாராஜா முக்கு வழியாக வந்தபோது, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண்பிள்ளைகள் கூட்டமாக பால் பூத்துக்கு எதிரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் முத்துராணியும் இருந்தாள். தலையைக் குனிந்து, ஹாண்டில்பாரைப் பிடித்து, மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவன் கண்ணுக்கு மகள் தெரியவில்லை. அப்பாவின் முதுகு தெரிந்தது. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

"ஏட்டி! ஏறுட்டி சைக்கிள்ல!"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "இல்லப்பா, பஸ்ஸு வருதுன்னுதான்..."

சொல்லி முடிக்கவிடவில்லை. நடு ரோட்டில், கூடப் படிக்கிற பிள்ளைகள் ஆறு பேர் பார்க்க, கன்னத்தில் அறைந்தான். சைக்கிள் சாய்ந்து, காரியரிலிருந்த புத்தகப்பை தாரில் விழுந்து சிதறியது. இரண்டு பக்கமும் நின்ற சைக்கிள்காரர்கள் பெல் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முத்துராணி அழவில்லை. குனிந்து ஒவ்வொரு நோட்டாகப் பொறுக்கினாள். அவள் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், தான் என்ன செய்துவிட்டோம் என்று அவன் கைக்கே தெரிந்தது.

பாக்கியசீலன் குடையை விட்டு வந்துவிட்டார். இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டு, அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எறங்கச் சொன்னது நான்வே. நீரு சொல்லிக் குடுத்தபடிதான் அவ மொத ரெண்டு நாளும் போனா. மூணாவது நாளு பின்னால வந்த பஸ்ஸு அவ காரியர உரசிட்டுப் போச்சி. நான் சட்டையப் பிடிச்சி இழுக்கலைன்னா, இன்னைக்கி நீரு அவ படத்துக்கு மாலை போட்டுக்கிட்டு இருந்திருப்பீரு. அப்பாகிட்ட சொல்லிராதீய, வருத்தப்படுவாங்கன்னு பிள்ள எங்கிட்ட கெஞ்சுனா. அந்தப் பிள்ளையவா அடிக்கீரு?"

மகாராஜா மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தான். தபாலைப் பதிவு செய்யாமலே வீட்டுக்கு வந்தான். திரும்புகிறபோதும் அவன் முக்கில் இறங்கித் தள்ளவில்லை. ஆனால் எப்படிக் கடந்தான் என்பது அவனுக்கே ஞாபகம் இல்லை.

வீட்டில் முத்துராணி பேச்சை நிறுத்திவிட்டாள். கேட்டால் பதில் உண்டு, அவளாக ஒரு வார்த்தை கிடையாது. தட்டு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். நாலாம் நாள் அவன் மனைவி இசக்கித்தாய் பீடி சுற்றும் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அவன் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவள் பக்கத்து ஊர்க்காரி. அவளுக்கு எல்லாம் தெரியும்.

"பிள்ளைகிட்ட சொல்லிருங்க. எதுக்கு அடி வாங்குனோம்னு தெரிஞ்சாலாவது அவளுக்கு மனசு ஆறும்."

"என்னத்தச் சொல்லச் சொல்லுத? ஒங்க தாத்தா தெருத்தெருவா எறங்கித் தள்ளுனாருன்னா? வெளிய சொன்னா வெட்கக்கேடு."

"யாருக்கு வெட்கம்? செய்ய வச்சவனுக்கா, செஞ்சவருக்கா?"

வெட்கம் யாருடையது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அது போகமாட்டேன் என்கிறதே, அதற்கு என்ன செய்ய? படித்தவர்கள் மேடையில் பேசுகிறபோது கை தட்டுவான். வீட்டுக்கு வந்து மகள் முகத்தைப் பார்த்தால் வாய் ஒட்டிக்கொள்ளும்.

அப்படியே ஒன்றரை மாதம் போயிற்று. கார்த்திகையில், சொந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்ட அவன் தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. இசக்கித்தாய் முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டாள். பள்ளிக்கூடம் இருந்ததால் முத்துராணி மறுநாள் அப்பாவோடு போவதாக ஏற்பாடு. காலையில் அவளாக வந்து அவன் முன்னால் நின்றாள்.

"அப்பா, அத்தை வீட்டுக்கு சைக்கிள்லயே போலாமா?"

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவளாகப் பேசிய முதல் பேச்சு. வேண்டாம் என்று எந்த நாக்கால் சொல்வான்?

"போலாம் தாயீ" என்றான்.

போகிற வழியெல்லாம் அவன் கணக்குப் போட்டுக்கொண்டே போனான். ஊருக்கு முன்னால் வாய்க்கால் கரை பிரியும். அதில் சுற்றிப் போனால் மேலத்தெருவைத் தொடாமலே கீழத்தெருவுக்குப் போய்விடலாம். முத்துராணி முன்னால் போனாள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. நடவு முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டு ஒரு கையை விட்டு ஓட்டினாள். திரும்பிப் பார்த்து, "பைய வாரியளே, களைச்சிட்டியளா?" என்று கேட்டுச் சிரிக்கக்கூட செய்தாள். அந்தச் சிரிப்புக்காக அவன் கன்னியாகுமரி வரைக்கும் மிதித்திருப்பான்.

வாய்க்கால் கரையில் சைக்கிள் போக வழியில்லை. மழையில் கரை உடைந்து, இடுப்பளவு தண்ணீர் வயலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. மண்வெட்டியோடு நின்ற ஆள், "தெரு வழியாப் போங்க" என்றார்.

தெரு வழியாகத்தான் போக வேண்டும். சரி, போவோம் என்று மகாராஜா மனதைத் திடப்படுத்திக்கொண்டான். காலம் மாறிவிட்டது. நான் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன். என் பிள்ளை கூட வருகிறாள். இன்றைக்கு ஏறித்தான் போவேன், எவன் கேட்கிறான் பார்க்கலாம். இப்படிப் பத்துத் தடவை சொல்லிக்கொண்டான். நிஜமாகவே நம்பினான்.

மத்தியான நேரம். மேலத்தெருவில் ஆள் இல்லை. எல்லாரும் வயலில் இருந்தார்கள். நாலு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. தெருத் தொடக்கத்தில் வேப்பமரத்தடிக் கட்டிலில் ஒரு கிழவர் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை, யாரும் அதட்டவில்லை.

மகாராஜாவின் கால் இறங்கிவிட்டது.

எப்போது பிரேக் பிடித்தான், எப்போது காலைத் தூக்கினான், அவனுக்குத் தெரியாது. பார்த்தால் மண்ணில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையும் ஹாண்டில்பாரில் இருந்தது. முதுகு தானாக வளைந்திருந்தது. தார்ரோட்டில் பஸ்ஸுக்குப் பயப்படாதவன், அந்தக் காலித் தெருவில், நாலு கோழிக்கு முன்னால் இறங்கி நின்றான்.

முத்துராணி ஐந்தாறு வீடு தாண்டிவிட்டாள். சத்தம் இல்லாததால் திரும்பிப் பார்த்து, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

"எதுக்குப்பா எறங்கிட்டிய? செயின் கழண்டுட்டா?"

"ஆமாட்டி" என்று வாயில் வந்தது. உடனே உட்கார்ந்து, கழலாத செயினைக் கையால் பிடித்து இழுத்தான். விரலெல்லாம் கிரீஸ். அவளும் ஒற்றைக்கால் ஊன்றிக் குனிந்து பார்த்தாள். செயின் இருக்கிற இடத்தில் ஒழுங்காக இருந்தது.

கிழவர் இப்போதுதான் நிமிர்ந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"யாருலே அது? சங்கிலிபூதத்தான் மவனா?"

"ஆமாய்யா."

"டவுனுக்குப் போயும் மறக்கலியே. எறங்கித்தான் போற. நல்லாயிருலே." கோபமில்லாத, அன்பான குரல். "அது ஒம் பிள்ளையா? அதுக்கு மட்டும் சொல்லிக் குடுக்கலியோ?"

முத்துராணி கிழவரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், செயினைப் பார்த்தாள். பதினாலு வயது. முட்டாள் இல்லை.

"என்னத்தப்பா சொல்லிக் குடுக்கல?"

மகாராஜா எழுந்தான். இதற்குமேல் பொய் சொல்ல அவனுக்குத் தெம்பு இல்லை. சத்தத்தைத் தாழ்த்திச் சொன்னான். "செயின் கழலல தாயீ. இந்தத் தெருவுல நம்ம தெருக்காரங்க சைக்கிள்ல போகக்கூடாது. எறங்கித் தள்ளணும். ஒங்க தாத்தாவும் எறங்கித்தான் தள்ளுனாரு." சொல்லச் சொல்லக் காது எரிந்தது. "நீ ஏறிப் போ. நீ எறங்காத. போ."

அவள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஏறிப் போனாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. கிழவர், "ஏ, ஏ, என்ன இது" என்று ஏதோ முனகினார். வாயில் வெற்றிலை இருந்ததால் அது வெளியே சரியாக வரவில்லை. மகாராஜாவும் ஏறியிருக்கலாம். பிள்ளை போகிற பின்னாலேயே ஏறிப் போயிருக்கலாம். ஏற நினைத்தான். மிதியில் காலை வைத்தான், கால் வழுக்கியது. ஆகவே தள்ளினான். நாற்பது வீடு. அவன் அப்பாவுக்காவது காரியரில் காய்ச்சல்காரப் பிள்ளை இருந்தது, வயிற்றுப்பாடு இருந்தது, பயப்பட ஆயிரம் காரணம் இருந்தது. இவனுக்கு ஒரு காரணமும் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

தெரு முடிகிற இடத்தில், கீழத்தெரு தொடங்கும் அடிபம்புக்குப் பக்கத்தில் முத்துராணி காத்துக்கொண்டிருந்தாள். அவன் வந்து சேரும் வரைக்கும் அவன் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காமல் இருந்திருந்தால் தேவலை.

"முக்குல அன்னைக்கி என்னய அடிச்சது இதுக்காப்பா?"

"ஆமா தாயீ."

அவள் யோசித்தாள். குரலில் கோபம் இல்லை. கணக்கில் ஏதோ விட்டுப்போனதைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"நான் எறங்குனதுக்கு என்னய அடிச்சிய. ஒங்கள எறங்க வச்சதுக்கு இங்க ஒருத்தரையும் அடிக்கலியே?"

மகாராஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கப் போனால் கையெல்லாம் கிரீஸ். "தப்புதான் தாயீ" என்றான். "ஒன்னய அடிச்சது தப்பு. நீ செஞ்சதுதான் சரி. அந்த முக்குல எறங்கித்தான் போவணும்."

"தெரியும்" என்றாள் முத்துராணி. பெடலைத் திருப்பி வைத்து ஏறி, அத்தை வீட்டுப் பக்கம் போனாள்.

வாசலில் பந்தல் தெரிந்தது. அவளைக் கண்டதும் தங்கச்சி ஓடி வந்து, "சைக்கிள்லயா வந்திய, அண்ணன எங்கட்டி?" என்று கேட்பது காதில் விழுந்தது. அது அவன் பிறந்த தெரு. அங்கே யாரும் ஏறிப் போகலாம். மகாராஜா ஏறவில்லை. கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனான்.